மெதுவாக இறங்கிய பிளேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ விமான நிலையக் கோபுரத்தில் எனக்கு வேலை. ரேடார் கிடையாது. விமானி சொல்கிற உயரத்தை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. இறங்கச் சொன்னால் நிமிடத்துக்கு ஐந்நூறு அடியாவது இறங்க வேண்டும். முடியாதென்றால் உடனே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், சண்டைக்காரன் என்று பெயரே வாங்கியிருந்தேன்.

அன்று மதியம் பினாங்கிலிருந்து வந்த சின்ன பிளேனில் என் அக்கா கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் பிளேன் ஏறுவது அதுவே முதல் தடவை. ஏழாயிரம் அடியில் வந்த அந்த விமானியை மூவாயிரத்துக்கு இறங்கச் சொன்னேன். எதிர்த்திசையில் இன்னொரு விமானம் ஐயாயிரத்தில் வந்துகொண்டிருந்தது. வழியில் இருக்கும் சுங்கை சிப்புட் ஊருக்கு முன்பே அக்காவின் பிளேன் அதற்குக் கீழே போய்விட வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது.

சுங்கை சிப்புட் நெருங்குவதாக விமானி சொன்னார். உயரம் கேட்டேன்.

"ஐயாயிரத்து எழுநூறு."

இதற்குள் ஐயாயிரத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். வெளியே ஒரே மேகம், ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. அந்த உயரத்திலேயே இரு, இறங்காதே என்றேன். எழுநூறு அடி இடைவெளி போதாது, ஆயிரமாவது வேண்டும். எதிரே வந்த விமானியை உடனே மேற்கே திரும்பச் சொன்னேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். ரேடியோவில் வெறும் இரைச்சல். அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒருவழியாக, திரும்பிவிட்டதாகக் குரல் வந்தது.

பிளேன் தரை தொட்டதும் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினேன். அந்த விமானியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன்.

அக்கா அவர் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எனக்கு இவருக்குப் பின்னாடி சீட்டுதான் கெடச்சுச்சு. பாப்பா காது வலிச்சு ஒரே அழுகை. 'அண்ணே, பெலான் பெலான் எறக்குங்க'ன்னேன். மெதுவாவே எறக்குனாரு லா."

நாங்கள் வளர்ந்த தோட்டத்து லாரியில் பிள்ளையோடு ஏறுகிற பெண்கள் டிரைவரிடம் இப்படித்தான் சொல்வார்கள். அவரும் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவார். அக்காவுக்கு லாரியும் பிளேனும் ஒன்றுதான்.

விமானி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்க வந்த கேள்வி ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டேன். அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஏன்டா அழுவுற?" என்றாள் அக்கா. "திரும்பிப் போறப்பவும் இவரு பிளேன்லயே போறேன் லா."