புவனா சொன்ன ‘இல்லை’

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குளிர் நகரின் ட்வெய்ட்டா பகுதியில், வாகன ரயர் மாற்றும் இடத்தில் வரிசையில் நின்றபோதுதான் கைத்தொலைபேசி அடித்தது. எங்களோடு வேலை செய்யும் நண்பர். “அண்ணை, புவனா அக்கா விடிய மோசம் போயிட்டா” என்றார். எனக்கு முன்னால் ஆறு வாகனங்கள் நின்றன. புவனா சுகமாய் உயிரோடு இருந்திருந்தால் புரட்டாதியிலேயே குளிர்கால ரயரைப் போட்டு முடித்திருப்பார், நாங்களும் வழக்கம்போல் அவரைப் பகிடி பண்ணியிருப்போம். வரிசையை விட்டு விலகி வீட்டுக்குப் போய்விட்டேன்.

புவனேஸ்வரி திருகோணமலைக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். முதியோரைப் பகல்நேர இல்லங்களுக்கு ஏற்றி இறக்கும் வேலையில் பத்து ஆண்டுகள் ஒன்றாக வான் ஓட்டினோம். குளிர்காலக் காலைகளில் நான் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு பொந்து சுரண்டிவிட்டுப் புறப்படுகிற ஆள். அவரோ நாலு பக்கமும் சுரண்டுவார், விளக்குகளைத் துடைப்பார், பிறேக் பிடித்தால் முன்னால் சரிந்து விழுமென்று கூரையில் கிடக்கும் பனியையும் தள்ளிவிடுவார். ஆளில்லாத தெருவில் ஒருமுறை மெதுவாகப் பிறேக்கை மிதித்துப் பார்த்த பிறகே வேகமெடுப்பார். “றோட்டைக் கேட்டிட்டுத்தான் போகவேணும்” என்பார்.

“வன்னியிலை குண்டு விழ விழ லொறி ஓடினவன் நான். எனக்குப் படிப்பிக்கிறீரோ?” என்று ஒருநாள் எகிறினேன்.

“குண்டு விழேக்கை சத்தம் கேக்கும் அண்ணை. ஐஸ் சத்தம் போடாது” என்றார்.

இனி, இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலருக்கு வேறு விதமாகத் தெரிந்த கதைக்கு வருகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. என் தங்கைக்கு மலைக்கு அப்பாலுள்ள பேர்கனில் மாப்பிள்ளை. தையில் முகூர்த்தம், நாங்கள் புறப்பட்ட மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தாலி. தை மாதம் அந்த மலைப்பாதை எப்படி இருக்கும் என்று நாள் பார்த்தவர்கள் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. மணப்பெண்ணும் அம்மாவுமாக எட்டுப் பேரை வானில் கொண்டுபோக நான் கேட்டதும் புவனா சம்மதித்தார். ஒரே நிபந்தனை வைத்தார். ஆளுக்கொரு தடித்த உடுப்பு, பூட்ஸ், கம்பளி எல்லாம் பையில் வரவேண்டும்.

வெஸ்ட்லியில் எங்கள் கட்டடத்தின் முன் அவரே இரண்டு பெரிய பைகளை டிக்கியில் ஏற்றி எண்ணிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போய்க் கண்ணாடி சுரண்டினார். அந்த நேரம் அம்மா குத்துவிளக்கையும் நாலு பலகாரப் பெட்டிகளையும் கொண்டுவந்தார். இடமில்லை. நான் பைகள் இரண்டையும் இறக்கி நிலவறையில் வைத்துவிட்டு விளக்கையும் பெட்டிகளையும் டிக்கியில் வைத்தேன். வான்தான் சூடாக இருக்குமே என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மருட் கோயிலில் அருச்சனை முடித்துப் பட்டுச் சேலையும் மெல்லிய கோட்டுமாகப் பெண்கள் ஏறினார்கள்.

மலையடிவாரத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். பனி தள்ளும் வாகனத்தின் பின்னால் வரிசையாகத்தான் போகலாம். அதுதான் அன்றைய கடைசி வரிசை. தடுப்பில் நின்ற வீதிக்காரர் கண்ணாடியைத் தட்டி எல்லோருக்கும் தடித்த உடுப்பு இருக்கிறதா என்று கேட்டார், இல்லையென்றால் மலையில் ஏற விடமாட்டார்கள். புவனா இறங்கி டிக்கியைத் திறந்தார். நானும் பின்னால் போனேன். அவர் விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன்.

“ஓமெண்டு சொல்லும் புவனா, ஆர் பார்க்கப்போகினம்?” என்று மெல்லச் சொன்னேன்.

அவர் வீதிக்காரரிடம் போய், “இல்லை” என்றார்.

வானுக்குள் பிரளயம். “உள்ளுக்குச் சூடாத்தானே இருக்கு?” என்று அம்மா கத்தினார்.

“வான் நிண்டால் சூடும் நிண்டிடும் அம்மா.”

“அப்ப பை எங்கை?”

என் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தேன். “நான்தான் பார்த்திருக்கவேணும். வாகனம் எடுக்கிற ஆள்தான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு வானைத் திருப்பினார். தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். புவனா வழக்கம்போல் ஒருமுறை மெதுவாகப் பிறேக்கை மிதித்துப் பார்த்த பிறகே வேகமெடுத்தார்.

மலையில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. வரிசையில் போன எல்லோரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் அடிவாரத்தில் தங்கி, கடையில் உடுப்பு வாங்கிக்கொண்டு மறுநாள் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தோம். ஐயர் இன்னொரு நேரம் பார்த்துத் தாலி கட்டுவித்தார். பையை மறந்து கல்யாணத்தைக் குழப்பியவர் என்று புவனாவுக்குப் பெயர் வந்தது. தங்கைக்கு மூன்று வருடம் பிள்ளை தங்காதபோதும் தப்பிய முகூர்த்தத்தைச் சொல்லி அவரையே திட்டினார்கள். நான் அந்தச் சபைகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள், ஆனால் உங்களுக்கு உண்மை தெரியாது.

போன ஆவணியில், நோய் முற்றியிருந்த நேரம், மருத்துவமனைக்குப் போய், “அந்தப் பை...” என்று தொடங்கினேன்.

“தெரியும் அண்ணை.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் கலியாண வீட்டிலை அண்ணனும் தங்கச்சியும் முகம் பாராமல் நிண்டிருப்பீங்கள். எனக்கென்ன, நான் வான் ஓடவந்த ஆள்தானே” என்று சிரித்தார்.

இப்படியும் ஒரு மனுஷி என் பக்கத்தில் பத்து வருடம் வேலை செய்திருக்கிறார். புவனாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் எனக்காகக் காத்த மௌனம். அதை இனி நான் வைத்திருக்கக்கூடாது. இதை எழுத முன் பேர்கனுக்குத் தொலைபேசி எடுத்துத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள்:

“கோயிலிலை அவ சிரிச்சுக்கொண்டு கிட்ட வரேக்கையெல்லாம் முகத்தைத் திருப்பினனான் அண்ணா. இனி ஆரிட்டைப் போய் நான் மன்னிப்புக் கேக்கிறது?”