கல்யாணத்துக்கு ஒரு கிண்ணமணி

ஜப்பானில், தகாஓகா ஊரில், எங்கள் தெருக்காரர்கள் கமெகாவா எய்சுகேயைச் சாப்பிடக் கூப்பிட்டால், முதல் வேலையாக நல்ல பீங்கானை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். மனுஷன் உட்கார்ந்த கையோடு எதையாவது தட்டிப் பார்ப்பார். சூப்புக் கிண்ணம், தேநீர்க் குவளை, ஒரு தடவை பல் டாக்டரிடம் போனபோது எச்சில் துப்பும் கோப்பை. விரல் முட்டியால் ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கொஞ்சம் யோசனை, பிறகு தீர்ப்பு: "அடியில விரிசல் இருக்கு." பார்த்தால் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அவர் வேலை அப்படி. வீட்டுச் சாமி மாடத்தில் வைக்கும் கிண்ணமணிக்குச் சுருதி சேர்ப்பவர். வார்ப்படக்காரர்கள் வெண்கலத்தை ஊற்றிக் கொடுப்பார்கள். விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒலி சீராக அலை அலையாகப் போய் மெல்ல அடங்கும்படி செய்வது இவர். பத்தொன்பது வயதில் ஒரு பலகைமேல் உட்கார்ந்தவர், ஐம்பத்தேழிலும் அதே பலகைதான். அவர் கைபட்ட மணி ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்று ஒலிக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவோம். போய்ச் சேர்ந்த பெரியவர்களுக்காக வாய் தானாக "நமண்டபு, நமண்டபு" என்று புத்தர் பேரை முணுமுணுக்கும். சத்தம் முழுக்க அடங்கினால்தான் கையை இறக்குவோம்.

வினை எங்கே வந்தது என்றால், மகள் சுஸுனாவின் கல்யாணத்தில். அடுத்த வருஷம் மே மாதம் என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மீன்பலகாரக் கடைக்காரர்கள். அரைத்த மீனைச் சங்கரா மீன் உருவத்தில் பிடித்து, சிவப்பு வண்ணம் கொடுத்து, ஆள்பாதி நீளத்துக்குப் பந்தியில் வைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அது கல்யாணமே இல்லை.

"அவங்க மீனோட வராங்க. நாம என்ன கொண்டு போறது?" என்று கேட்டார் எய்சுகே.

"நீங்க வந்தாலே போதும்ப்பா," என்றாள் சுஸுனா. போகிற போக்கில், "மணி மட்டும் வேண்டாம், சொல்லிட்டேன். கேக் வெட்டற நேரத்துல நூத்தியிருபது பேரும் செத்தவங்கள நெனச்சுட்டு உக்காந்திருப்பாங்க," என்று சேர்த்தாள்.

எய்சுகேயும் கூடச் சிரித்தார். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, பெற்ற பெண்ணின் சந்தோஷத்துக்கு எடுத்துப்போக அதில் ஒன்றுமே இல்லையென்றால் வருத்தமாக இருக்காதா? கேட்டவர்கள் கும்பிடாமல் கோப்பையைத் தூக்க வேண்டும். அப்படி ஒரே ஒரு மணியைக் கல்யாணத்துக்குள் செய்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான், அக்டோபர் மாதம், இனேஸ் வந்து சேர்ந்தாள். போர்ச்சுகல்காரி, பொருள்களுக்கு வடிவம் வரைபவள். வார்ப்படக்காரர் சங்கம் அவளை வரவழைத்து எய்சுகேயோடு ஜோடி சேர்த்துவிட்டது. வந்த இரண்டாம் நாள் ஒரு படத்தை நீட்டினாள். மெல்லிய காலில் நிற்கும் காளான் மாதிரி ஒரு மணி.

"கமெகாவா சான், இது சாமிக்கு இல்ல. காப்பிக் கடைக்கு. தட்டினா ஆள் வரணும்."

எய்சுகே அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காப்பி என்றால் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மணி தயாராகி, மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய சிநேகிதரின் காப்பிக் கடையில் அதை வைத்துவிட்டு இருவரும் மூலையில் உட்கார்ந்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் வந்து தட்டினார். கடையில் இருந்த பதினோரு பேரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். தட்டில் மூன்று காப்பியோடு வந்த பெண் நட்டநடுவில் நின்று தலை குனிந்தாள். தொப்பிக்காரரே கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் மணி நின்று ஒலித்தது. அடங்கியதும், "எதுக்குத் தட்டினேன்?" என்று அவர் பக்கத்து ஆளைக் கேட்டார்.

மத்தியானத்துக்குள் யாரோ மணிக்கு முன்னால் இரண்டு ஆரஞ்சுப் பழமும் ஒரு பயறு இனிப்பும் படைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இனேஸ் சிரித்துச் சிரித்து மேஜைக்கு அடியிலேயே போய்விட்டாள். எய்சுகேக்குச் சிரிப்பு வரவில்லை. மே மாதக் கல்யாணம், மகள் சொன்னது, தான் தீர்மானித்தது எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து இனேஸிடம் கொட்டிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே. அப்ப நாம தப்பான மணி செஞ்சிருக்கோம்."

அடுத்த மூன்று வாரம் எய்சுகே வீட்டில் ஒரே ரகளை. ஒலியைப் பாதியில் வெட்டிப் பார்த்தார். பால் பாத்திர மூடி விழுந்த மாதிரி இருந்தது. விளிம்பைத் தடிப்பாக்கினார், ரயில் கேட் மணி வந்தது. மனைவி மிட்சுயோ அடுக்களையிலிருந்தே, "சுஸுனாப்பா, இதுக்கு நீங்க வெறுங்கையோடயே போகலாம்," என்று குரல் கொடுத்தாள்.

கடைசியில் இனேஸ்தான் கேட்டாள்: "நீங்க எந்தச் சத்தத்தக் கேட்டா மணியத் தூக்கிப் போடுவீங்க?"

"ரெண்டு அலை ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். விக்கல் எடுக்கற மாதிரி. அது வந்தா என் மானம் போச்சு."

"அதச் செய்ங்க," என்றாள். ஒரே தண்டில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கிண்ணம், நடுவில் ஒரு நாக்கு என்று அங்கேயே வரைந்தும் கொடுத்தாள்.

வாழ்நாள் முழுக்க எதை விரட்டினாரோ அதையே உட்கார்ந்து அழைக்க வேண்டியதாயிற்று. ஒன்றைவிட மற்றொன்றின் சுருதியை மயிரிழை ஏற்றினார். இனேஸ் கண்டபடி தலையாட்ட, இவர் கண்டபடி திட்ட, பன்னிரண்டாம் நாள் நாக்கை ஆட்டியதும் இரண்டும் முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி ஒலித்தன. எய்சுகே முதலில் ஜன்னலைச் சாத்தினார், பக்கத்துப் பட்டறைக்காரன் கேட்டிருப்பானோ என்ற வெட்கம். பிறகு நாற்பது தடவை ஆட்டினார். மிட்சுயோ கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க அது, யாருக்கோ கிச்சுகிச்சு மூட்டற மாதிரி?" கேட்டுக்கொண்டே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் சங்கரா மீன் படுத்திருந்தது, ராஜா மாதிரி. எல்லோர் கையிலும் சாக்கே என்ற அரிசி மது நிரம்பிய கிண்ணம். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். எய்சுகே எழுந்தார், துணியை விலக்கினார். வெண்கலத்தைப் பார்த்ததும் சுஸுனா முகம் வெளுத்துவிட்டது. சொல்ல வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோய், மணியின் நாக்கை மட்டும் ஆட்டினார்.

பழக்கதோஷத்தில் சில கைகள் கிண்ணத்தோடு கீழே இறங்கின. ஒரு கணம்தான். மீன்பலகாரச் சம்பந்தி, குடியில் ஏற்கெனவே முகம் சிவந்திருந்தவர், முதலில் சிரித்தார். பிறகு அவர் மனைவி. கிண்ணங்கள் மளமளவென்று மேலே போயின. நூற்றியிருபது பேரில் ஒருவர்கூடக் கும்பிடவில்லை.

ஒருத்தியைத் தவிர. கடைசி மேஜையில், ஏழு மாதம் எங்களோடு இருந்துவிட்ட இனேஸ், கிண்ணத்தைக் கீழே வைத்து, கண்ணை மூடி, கைகூப்பி, "நமண்டபு, நமண்டபு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் வெடித்தது. சம்பந்தி மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தார். கண்ணைத் திறந்த இனேஸ் கூப்பிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எய்சுகேக்கு மட்டும் திக்கென்றது. காரியம் கெட்டதா, நடந்ததா என்று தெரியாமல் மகளைப் பார்த்தார். வெள்ளைப் பட்டில், கண்மையெல்லாம் கன்னத்தில் இறங்க, சுஸுனா மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள், "இன்னொரு தடவ அடிங்கப்பா."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.