என்ஜின் ஆயிலும் ஓரகத்தியின் கைராசியும்

அன்று காரின் ஆயில் அளவுக் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தேனே, அது மகளை நினைத்த கவலையிலா, ஓரகத்தி மேலிருந்த பொறாமையிலா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

செவிலிமேட்டில் நாங்கள் இரண்டு மருமகள்களும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் தம்பிகளான எங்கள் கணவர்கள் சேர்ந்து நடத்தும் பட்டுக்கடைக்கென்று, அப்போது புதிதாக வந்திருந்த டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் என்ஜின். என் மகள் பள்ளிக்குப் போவதும் அதில்தான்.

ஓரகத்தி தொட்டால் துலங்கும் என்பது வீட்டு நம்பிக்கை. தறியில் ஏற்றும் புதுப் பாவுக்கு முதல் இழை தொடுவது அவள். என் மகளுக்கு முதல் சோறு ஊட்டியதும் அவள். ஆயில் மாற்றும் நாளிலும் மாமியார் அவளைத்தான் கடைக்கு அனுப்பினார். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கி வந்தாள். வண்டியோடு வந்த கையேட்டைப் படித்தவள் நான் ஒருத்திதான். டின்னில் ஐந்து-முப்பது என்று போட்டிருக்கும் மெல்லிய ஆயிலைத்தான் அது சொன்னது. என்னை யாரும் கேட்கவில்லை.

சில வாரங்களில் டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் மேலேறியிருந்தது.

“பாத்தியாமா, மத்த வண்டிங்க ஆயில குடிக்குது, இது வளந்துக்கினு இருக்குது. எல்லாம் பெரியவ கைராசி,” என்று மாமியார் பூரித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. யாரும் இல்லாதபோது குச்சியை உருவி முகர்ந்தேன். பெட்ரோல் வாசனை. வீட்டுக்கும் பள்ளிக்கும் கடைக்குமாக, என்ஜின் சரியாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் வண்டி அது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்தால் டர்போ தேயும். மகளோடு நடுரோட்டில் நின்றுவிட்டால்?

கணவரிடம் சொன்னேன்.

“பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாசனை வராம மல்லிப்பூ வாசனையா வரும்? அண்ணி வாங்கியாந்ததுன்னா உனக்கு ஏதாவது நொட்டை சொல்லணும்.”

ஓரகத்தி காதில் விழுந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

“படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுன்னு சொல்லுமா, வாங்கிக்கினு வரேன்,” என்றாள்.

நான் சொன்ன ஐந்து-முப்பதையே வாங்கி வந்தாள். ஞாயிறுதோறும் தொலைவிலிருக்கும் தென்னேரிவரை ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடாக்கச் சொன்னதும் நான்தான். ஆயில் அளவு ஏறாமல் நின்றது. மாமியார் அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்: “ரெண்டாவது தபாவும் அவ கைதான் பாரு.”

அடுத்த ஆயில் மாற்றம் நெருங்குகிறது. எங்களைப் போல் கிட்டத்திலேயே ஓட்டுகிறவர்கள், கையேடு அனுமதித்தால், பெட்ரோல் கலந்து நீர்த்தாலும் தாங்கும்படி சற்றுக் கெட்டியான ஐந்து-நாற்பதுக்குப் போகலாமா? சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லதா? இந்த முறை நானே கடைக்குப் போக ஆசை. ஆனால் வண்டிக்கு ஏதாவது ஆனால் என் கையைத்தான் சொல்வார்கள். இப்படி ஒரு வண்டியும் இப்படி ஒரு வீடும் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்: எந்த ஆயிலை வாங்குவது, யார் கையால் வாங்குவது?