பாரோயில் பின்பக்கமாகப் போங்கள்

கட்டடக்கலை படித்து முடித்ததிலிருந்து, பசுமை வீடுகள் என்று பேசப்படும் இடங்களை நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வருகிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என்ன படித்தேன் என்று அம்மாவுக்கு விளக்க இந்தப் படங்கள் உதவுகின்றன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரோய்க்குப் போனேன். ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது அதில் வேலை செய்த குடும்பங்களுக்குக் கட்டித் தந்த இரண்டு வரிசை வீடுகள் அங்கே இருக்கின்றன.

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் ஒன்பது வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) முடிந்தது. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், காருக்குப் பன்னிரண்டு வெள்ளி.

"முன்னால எறங்குனா நின்னுக்கிட்டே இருக்கணும் லா. பின் லோரோங்குக்குப் போங்க," என்றார் ஓட்டுநர்.

கேட்காமல் முன்னால் இறங்கினேன். மழைநீர்த் தொட்டி, காற்று வர ஓட்டைக் கற்கள் வைத்த சுவர், சிறிய தோட்டம். எல்லாம் படத்தில் பார்த்தபடியே அழகு. மூன்று வீட்டுக் கதவைத் தட்டியும் ஆள் வரவில்லை. கட்டி மிஞ்சிய ஓட்டைக் கற்கள் ஓரத்தில் புல் மூடிக் கிடந்தன.

பின்னால் போனால் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். இரு வரிசைகளின் சமையலறைக் கதவுகளும் நடுவிலுள்ள ஒரு சந்துக்குள் திறக்கின்றன. அதுதான் ஓட்டுநர் சொன்ன லோரோங். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது.

சந்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் திருடுபோயிருந்தன. அதனால் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஆறடிச் சுவர் எழுப்பக் குடியிருப்புத் தலைவர் கணேசன் ஏற்பாடு செய்துவிட்டார். செங்கல்கூட இறங்கிவிட்டது. செல்வி அக்கா மட்டும் மறித்து நின்றார். அவர் கணவர் முருகையா பக்கவாதத்தில் பேச்சும் நடையும் இழந்தவர். அக்கா தொழிற்சாலைக்குப் போன பிறகு, பின்வாசலில் சக்கர நாற்காலியில் இருக்கும் அவரை எதிர்வீட்டு லெட்சுமி ஆண்டி சமைத்தபடியே பார்த்துக்கொள்கிறார். சுவர் வந்தால் அக்கா வேலையை விட வேண்டும்.

"ஒரு ஆளுக்காக எல்லார் மோட்டாரையும் திருடனுக்குக் குடுக்கணுமா?" என்றார் கணேசன்.

"இவரு சரிஞ்சி விழுந்தா ஒங்க செவுரா வந்து தூக்கும், அண்ணே?"

"நான் என்னா ஒட்டகச்சிவிங்கியா, எட்டிப் பாக்க?" என்றார் லெட்சுமி ஆண்டி.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. முன்னால் கிடக்கும் கற்களைப் பற்றிப் பக்கத்திலிருந்த செல்வி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தினார்.

"இந்தத் தங்கச்சி சொல்றதக் கேளுங்க! அந்த ஓட்டைக் கல்ல வைக்கலாமே?"

"திருடன் ஓட்டையில கால வச்சி ஏறுவான் லா," என்றார் கணேசன்.

"கீழயும் மேலயும் முழுக் கல்லு வைங்க. இவரு கண்ணு ஒசரத்துக்கு மட்டும் ஓட்டை," என்றார் அக்கா.

இரண்டு வீட்டுப் பின்புறமும் சிமெண்ட் பூசாமல் அடுக்கிப் பார்த்தார்கள். நாற்காலியின் கைப்பிடி வரை செங்கல், அதற்கு மேல் மூன்று வரிசை ஓட்டைக் கல். லெட்சுமி ஆண்டி உள்ளே போய் அடுப்பருகே நின்றுகொண்டார்.

"முருகையா, கையத் தூக்குப்பா!"

அசையும் இடக்கை மெல்ல எழுந்தது.

"தெரியுது! எறக்கு, எறக்கு, கொழம்பு அடி பிடிக்குது!"

கணேசன் கொத்தனாரைப் பார்த்து, "சிமெண்டக் கொழப்பு," என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு காலையில் போங்கள், பின்பக்கமாக. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பாருங்கள். நான் கடைசிப் படத்தை முருகையா அண்ணன் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். அதில் சுவர் சரியாகப் பதியவில்லை. ஓட்டை வழியே ஓர் அடுப்பும், திரும்பிப் பார்க்கும் ஒரு முகமும் தெரிகின்றன.