மாமா மாற்றாமல் வைத்த பிரவுசர்

என் அக்கா வீட்டுக்காரரை ஆபீஸில் ‘ஓட்டை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. இன்டர்நெட் வந்த புதிது. பிரவுசர்களில் எந்த வழியாகத் திருடன் நுழைய முடியும் என்று சோதிப்பதுதான் அவர் வேலை. அந்த விஷயத்தில் மனிதர் கண்கொத்திப் பாம்பு. சொந்தச் சட்டைப்பை கிழிந்து வீட்டுச் சாவி விழுந்தால் மட்டும் தெரியாது. அக்காதான் வாசலில் நின்று தேடுவாள்.

அப்படித்தான் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், வேறு எதையும் அமுக்க வேண்டாம். அந்தப் பக்கத்தைச் செய்தவன் நம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எதையும் அழித்துவிடலாம். பிரவுசர் கம்பெனிக்கு எழுதினார். “எங்களிடம் அப்படி நடக்கவில்லையே” என்று பதில் வந்தது. மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பிரவுசரின் புதிய பதிப்பு வந்தபோது ஆபீஸ் மெஷின்கள் எல்லாவற்றிலும் அவரே உட்கார்ந்து போட்டார். வீட்டு மெஷினில் மட்டும் பழையதையே வைத்துக்கொண்டார்.

“ஏன் மாமா, வீட்டுக்கு மட்டும் என்ன குறைச்சல்?” என்றேன்.

“புதுசுல அவங்களுக்கே தெரியாம ஓட்டை அடைஞ்சிருக்குடா. நோயே போயிடுச்சுன்னா டாக்டர்கிட்ட எதைக் காட்டுறது?”

சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்ததே அபூர்வம்.

ஏனென்றால் அவர்கள் மகள் பாப்பா போய்விட்டிருந்தாள். ஐந்து வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், வெறுங்கையோடு திரும்பினோம். கம்ப்யூட்டரோடு வந்த மைக்கில் அவள் சொன்ன கதைகளையெல்லாம் அக்கா பதிந்து வைத்திருந்தாள். மாமா வேலைக்குக் கிளம்பியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சமைத்தாளா, சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லை. அந்தக் குரல்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் என் ஆபீஸுக்குப் போன் வந்தது. “டேய், பாப்பா இல்லடா.”

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அது இரண்டாவது தடவை.

தோழி பெயரில் மெயிலில் ஒரு வாழ்த்து அட்டை வந்திருக்கிறது. அக்கா திறந்தாள். திரையில் பூக்கள் உதிர்ந்தன. உதிர்ந்து முடிவதற்குள் மெஷினில் இருந்த அத்தனையும் போய்விட்டது. மாமா எந்த ஓட்டையைக் காட்டுவதற்காகக் காத்து வைத்திருந்தாரோ, அதே ஓட்டை வழியாக.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா வந்திருந்தார். மேஜை இழுப்பறை நிறைய டிஸ்குகள் இருந்தன.

“அதுல இருக்கும்ல? நீங்கதான் எல்லாத்தையும் காப்பி எடுத்து வைப்பீங்களே,” என்றாள் அக்கா.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஓட்டைக்கான ஆதாரங்களெல்லாம் இருந்தன, ஒன்றுக்கு இரண்டு பிரதியாக. பாப்பாவின் குரல் எதிலும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “ஊரு வீட்டுக்கெல்லாம் பூட்டு மாட்டினீங்க. சொந்த வீட்டைத் தொறந்து போட்டுட்டீங்களே மாமா!”

“சும்மா இருடா,” என்றாள் அக்கா.

அழிந்ததை மீட்டுத் தருகிறேன் என்றவனிடமெல்லாம் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாமா அலைந்தார். ஒருவனாலும் முடியவில்லை. நடுவில் பிரவுசர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவர் சொன்னது உண்மைதானாம், மிக்க நன்றியாம். பாதி படித்து வைத்துவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று பாப்பா மாதிரியே இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தாள்.

“ஒரு பூனை இருந்துச்சாம். அதுக்குப் பல்லு வலியாம். டாக்டர்கிட்ட போச்சாம். டாக்டர் யாருன்னா, எலியாம். எலி சொல்லுச்சாம், வாயைத் தொறன்னு. அதுக்குப் பூனை சொல்லுச்சாம்…”

நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அதே இடத்தில் நின்றாள்.

“பூனை என்னங்க சொல்லுச்சு? எனக்கு வரமாட்டேங்குது. சொல்லுங்களேன்.”

மாமா தம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாதும்மா. அவ போனதுக்கப்புறம் அந்தப் பக்கமே போக முடியல. காப்பி எடுத்தா சரியா வந்திருக்கான்னு கேட்டுப் பார்க்கணும்ல? நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.”

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். எனக்கும் தெரியவில்லை.