வில்லன்கள் பக்கம் போன தம்பி

எனக்கு நாற்பது நெருங்குகிறது. நான் கம்ப்யூட்டரில் சூப்பர் ஹீரோ கேம் ஆடுகிறேன். இதைக் கேட்டு முகம் சுளிக்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் அறை பதிவு செய்து கொடுப்பது என் வேலை. பக்கத்து ஆசிரமங்களுக்காக அங்கே வந்து தங்குகிறவர்களில் பாதிப் பேர் மௌன விரதம் இருப்பவர்கள். வெந்நீர் வராவிட்டால் மட்டும் விரதத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்து கத்துவார்கள். பகலெல்லாம் அவர்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீல அங்கி மாட்டிக்கொண்டு ஒரு நகரத்தின் மேல் பறந்தால் அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் என்னை இழுத்துவிட்டவன் என் தம்பி. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் ஒரே நகரத்துக்குள் வந்து ஒன்றாக ஆடும் கேம் அது. நம் ஹீரோவை நாமே உண்டாக்க வேண்டும். முதல் நாள் நாங்கள் யாரையும் அடிக்கவே இல்லை, உடைதான் தைத்துக்கொண்டிருந்தோம். பூட்ஸ் என்ன நிறம், முகமூடி கண்ணோடு நிற்க வேண்டுமா வாய் வரை வர வேண்டுமா, கொம்பு வேண்டுமா என்று அத்தனையும் நம் இஷ்டம். ஜவுளிக்கடையில் எனக்குப் பிடித்த நிறத்தை ஒருமுறைகூட எடுக்க விட்டதில்லை எங்கள் வீட்டில். அதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்குப் பழி தீர்த்துக்கொண்டேன்.

உடை முடிந்தால், நம் ஹீரோவின் கதையை எழுதுவதற்கு ஒரு பக்கம் கொடுப்பார்கள். எங்கே பிறந்தான், ஏன் முகமூடி போட்டான் என்று நாலு வரி. நம் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினால் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். தம்பியின் ஹீரோ கல்லால் ஆன தடியன். 'மலையிலிருந்து உடைந்து விழுந்தவன், திரும்ப ஒட்டிக்கொள்ள இடம் தேடுகிறான்' என்று எழுதினான். நான் வைத்தியக்காரி. அடிபட்டவர்கள் மேல் பச்சை ஒளியை வீசினால் எழுந்து நிற்பார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுந்து நின்று நன்றி என்று எழுதும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்துவிடும். விடுதியில் அந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. பலம் கம்மியான ஆள் பலமான ஆளோடு ஜோடி சேர்ந்தால், கூட இருக்கிற வரைக்கும் அந்த ஆளுக்கும் கிட்டத்தட்ட அதே பலம் வந்துவிடும். அந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குக் கட்டாயம் கூடப்பிறந்தவர்கள் இருந்திருப்பார்கள். தம்பி என்னைவிட வேகமாக வளர்ந்துவிட்டான். ஆனாலும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கல் தடியன் நின்று, முழுதாகத் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்ப்பான். சின்ன வயதில் எங்கள் ஊரில் கிரிவலமாக மலை சுற்றும்போதும் அவன் அப்படித்தான் செய்வான். நான் எப்போதும் மெதுவாகத்தான் நடப்பேன்.

பிறகு வீட்டில் சண்டை வந்தது. தம்பிக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. என்றாவது ஒருநாள் நிரந்தரம் ஆகும் என்பது அப்பாவின் கனவு. அவன் அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், கேமுக்குப் படம் வரையும் வேலையில் சேரப்போவதாகச் சொன்னான். அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். தம்பியும் அவர் பெற்ற பிள்ளைதான்.

"அந்த வேலய விட்டுட்டுப் போறதா இருந்தா, இந்த வாசப்படிய மறுபடி மிதிக்காத," என்றார் அப்பா.

"மிதிக்கல," என்று தம்பி பையைத் தூக்கிக்கொண்டான்.

அம்மா உயிரோடு இருந்திருந்தால் இருவரையும் இரண்டு போட்டு உட்கார வைத்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வேலையில் நிலைத்து நின்ற பிறகு பேசுகிறேன் என்று தம்பி எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். அத்தோடு சரி, நம்பரை மாற்றிவிட்டான். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. அப்பா அவன் பேச்சை எடுக்கவே மாட்டார். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவன் இடத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் கேமை விடாமல் ஆடியதற்குக் காரணம் அதுதான். நண்பர்கள் வரிசையில் கல் தடியனின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவன் வந்தால் அது பச்சையாகும். தினமும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கேமில் எக்ஸ்பான்ஷன் வந்தது, அதாவது புதிதாக ஒரு பெரிய துண்டைச் சேர்த்தார்கள். இனி வில்லனாகவும் ஆடலாம். வில்லன்களுக்குத் தனித் தீவு, தனிப் பழக்கவழக்கம். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்க நல்லவராக இருந்து நாக்கு தள்ளிப்போனவர்களுக்கு, சாயங்காலம் ஒரு வங்கியின் கதவை உடைப்பது பெரிய ஆறுதல். நான் போகவில்லை. தம்பி திரும்பி வந்தால் என்னைப் பழைய இடத்தில்தானே தேடுவான்?

இரண்டு பக்கத்தாரும் சந்திப்பதற்கு ஒரே ஒரு இடம். எரிந்துபோன ஒரு நகரம், அதன் நடுவில் வானளாவிய கோபுரம், அதைச் சுற்றி வட்டச் சாலை. அங்கே யாரும் யாரையும் அடிக்கலாம். எதிர்ப் பக்கத்துக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட எழுதி அனுப்ப முடியாது.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு பாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தம்பிக்கு நெருங்கிய சிநேகிதர். அவருக்கும் புது நம்பர் கொடுக்காமல்தான் போனான். கூட ஆடியவர்களும் எங்கள் ஊர்க்காரர்களே. அந்த வட்டச் சாலையில் நாங்கள் தினமும் உதை வாங்கினோம். எங்கே போனாலும் வில்லன்கள் முன்கூட்டியே வந்து கோபுரத்தை ஒட்டிப் பதுங்கியிருந்தார்கள். நம் குழுவில் யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் பாய் ஹெட்போனில் சிரிக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி, எவனும் காட்டிக் குடுக்கல. நாம எப்பவும் ஒரே பக்கமாத்தான் சுத்துறோம், கவனிச்சியா?"

கவனித்தேன். கோபுரம் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் தினமும் சுற்றியிருக்கிறோம். அதுவும் சாலையின் வெளி ஓரமாக, உள் ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டு. எங்கள் ஊரில் மலையை அப்படித்தான் சுற்றுவோம். மலையை ஒட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடக்கிறார்கள் என்று அதை அவர்களுக்கு விட்டுவிடுவது வழக்கம். இங்கே சித்தர்களுக்காக விட்ட இடத்தில் வில்லன்கள் உட்கார்ந்து எங்களை வெளுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இன்னிக்கு எதிர்ப்பக்கமா சுத்தலாம்," என்றேன்.

கொஞ்ச தூரம் போனோம். ஒருவருக்கும் கை வரவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"என்னால ஆவாதுமா," என்றார் பாய். "நாங்க தொழறது மசூதிலதான். ஆனா பொறந்து வளந்தது இந்த மலைகிட்ட. உதை வாங்குனாலும் பரவால்ல, இந்தப் பக்கமே போலாம்."

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அந்த வில்லனைப் பார்த்தேன். கறுப்புக் கவசம், தலையில் ஆட்டுக்கிடா கொம்பு, கூட யாரும் இல்லை. மற்ற வில்லன்கள் குறுக்கே நெடுக்கே ஓடுவார்கள், பறப்பார்கள். இவன் நடந்தான். கோபுரத்தை வலப்பக்கம் வைத்து, சாலையின் வெளி ஓரமாக, உள் ஓரத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு நடந்தான். நான் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தேன். திருப்பம் வந்ததும் நின்றான். முழுதாகத் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

அவன் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினேன். கதைப் பக்கம் திறந்தது. 'இவனுக்கு வாசப்படி கிடையாது' என்று ஒரே வரி.

அதற்குள் எங்கள் ஆட்கள் அவன் மேல் பாய்ந்துவிட்டார்கள். "அடிக்காதீங்க பாய், அது நம்ம பையன்!" என்று கத்தினேன். சமையலறையில் அப்பாவுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். பாய் எல்லோரையும் நிறுத்தினார். தம்பி அடிபட்டு முட்டி போட்டுக் கிடந்தான். நான் பச்சை ஒளியை வீசினேன். அவன் மேல் படவில்லை. எதிரிக்கு வைத்தியம் செய்ய முடியாது என்று திரையில் சிவப்பாக எழுதிக் காட்டியது. அந்தக் கேமை உண்டாக்கியவர்களை அன்றைக்கு நான் திட்டிய திட்டு அவர்கள் ஏழு தலைமுறைக்கும் போதும். அழுகையும் வந்தது.

தம்பி மெல்ல எழுந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நடந்தான், நானும் நடந்தேன். பின்னால் பாயும் மற்றவர்களும் வந்தார்கள். நீல அங்கியும் கிடா கொம்பும் ஒன்றாகக் கோபுரத்தை வலம் வருவதைப் பார்த்து, பதுங்கியிருந்த வில்லன்கள்கூட அடிக்க மறந்து நின்றார்கள்.

"யாரது?" என்றார் அப்பா. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். முகமூடி போட்டுக்கொண்டு பறப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்கிறவர், அதற்கு முன் ஒருநாளும் திரையை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

நான் விரலால் திரையைக் காட்டினேன். கொம்பன் அடுத்த திருப்பத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எளச்சிட்டானா?"

"அது பொம்மைப்பா. எப்படித் தெரியும்?"

"கூப்பிட்டுப் பேசேன்."

"அந்தப் பக்கத்துக்கு எழுத முடியாதுப்பா. நாங்க ரெண்டு பேரும் எதிரிங்க."

"இது என்னா வெளாட்டு," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, நாட்காட்டியைப் பார்த்தபடி பேசினார். என்னிடம் சொல்கிற மாதிரியே இல்லை.

"வாசப்படிய மிதிக்காதன்னுதான் சொன்னேன். மலைய சுத்தக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லயே. பௌர்ணமிக்கு விடியறதுக்கு முன்ன கெளம்பலாம்னு இருக்கேன். பாதி வழில, அடி அண்ணாமலைல டீக்கட கிட்ட கொஞ்ச நேரம் உக்காருவேன்."

அன்று மாலை என் வைத்தியக்காரியின் கதைப் பக்கத்தைத் திறந்தேன். ஆசை ஆசையாக எழுதியிருந்த பழைய கதையை அழித்துவிட்டு, அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்தேன். கோபுரத்தடியில் போய் நின்றேன். கொம்பன் வந்தான். என் எதிரில் நின்றான், ரொம்ப நேரம் நின்றான். படிக்கிறானா, சும்மா நிற்கிறானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பிறகு மறைந்துவிட்டான். அதற்கப்புறம் வரவே இல்லை.

பௌர்ணமி அன்று அப்பாவும் நானும் எங்கள் தெரு முனையிலிருந்து வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினோம். கூட்டம் ஜாஸ்தி. அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். அடி அண்ணாமலைக்கு வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். உண்மையாகவே இளைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அப்பா உட்காரவில்லை, டீயும் குடிக்கவில்லை.

"வா, வெயில் ஏறிடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் முன்னால், தம்பி நடுவில், நான் கடைசி. திருப்பத்தில் தம்பி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு நடுரோட்டில் அழுகை வந்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் வேலையைப் பற்றி அப்பா கேட்டார், அவன் சொன்னான். கேமில் வருகிற கட்டிடங்களுக்கு அவன்தான் கதவு, ஜன்னல் வரைகிறானாம். கதவு நல்லா வந்திருக்கா என்று கேட்டார். எங்கள் தெரு முனைக்கு வந்தபோது தார் சுட ஆரம்பித்திருந்தது. அப்பாவும் நானும் சுற்றை முடித்துவிட்டோம். தம்பி தெரு முனையோடு நின்றுவிட்டான்.

"நான் அடி அண்ணாமலைலதான ஆரமிச்சேன், அதுவரைக்கும் போயி முடிச்சிடறேன்பா. அப்படியே பஸ் ஏறிடறேன்."

சுற்றைப் பாதியில் விட்டவர்களை அப்பா வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறார். அவர் திரும்பிப் பார்க்காமல் வீடு வரை போனார், கதவைத் திறந்தார், வாசலில் உட்கார்ந்து சுட்ட பாதத்தைத் தடவிக்கொண்டார்.

"மல எங்கியும் போயிடாது, சாயங்காலம் முடிச்சிக்கலாம்," என்று தெரு முனை வரை கேட்கும்படி தம்பிக்குக் குரல் கொடுத்தார். "உங்கூடப் பேசணும்னா ஒவ்வொரு தடவையும் பதினாலு கிலோமீட்டர் நடக்க என்னால ஆவாது. உள்ள வா."