கிளாக்கரையாவின் பசி

பெல்மதுளைக்குக் கிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் செல்வரத்தினம் என்றொரு பெரிய கிளாக்கர் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். நல்ல மனிதர்தான், அதை முதலிலேயே சொல்லாமல் விட்டால் பாவம். குடிக்க மாட்டார், தோட்டத்து ஆட்களை வாய்க்கு வந்தபடி ஏச மாட்டார், மனைவி ஞானாம்பிகைமேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அப்படிப்பட்டவரால்தான் அந்தப் பெண்ணின் உயிர் போனது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவரால்தான் போனது.

எல்லாம் அவருடைய வயிற்றில் தொடங்கியது. எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சில் நிற்கும், ஏப்பம் புளிக்கும், இரவில் உட்கார்ந்தபடியே தூங்குவார். ஆஸ்பத்திரி மருந்து, வைத்தியரின் கஷாயம், ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஒரு வருசம் சிவனொளிபாதமலைக்குப் போகிற வழியில் சாமியார் ஒருவர் மழைக்கு ஒதுங்கி அவர் வீட்டில் சில நாள் தங்கினார். போகும்போது கிளாக்கருக்கு நாலைந்து ஆசனங்களைப் பழக்கிவிட்டு, சாப்பாட்டுக்கும் ஒழுங்கு சொல்லிவிட்டுப் போனார். புளியும் மிளகாயும் குறை, சூடாக்கிய சோற்றை மறுபடி சூடாக்காதே, மென்று தின், உண்மையான பசி வந்தால் மட்டும் இலையில் உட்கார்.

கிளாக்கர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். விடிய எழும்பி உள்ளறையில் பாயை விரித்து, காலை நீட்டி, குனிந்து பெருவிரலைப் பிடிப்பார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி மயில் மாதிரி உடம்பைத் தூக்குவார். உள்ளதைச் சொன்னால் வயிறு குணமாகிவிட்டது. முகம் தெளிந்தது, ஆள் பத்து வயது குறைந்தார். காண்பவரிடமெல்லாம் வயிற்றுப் பெருமைதான்.

ஆனால் அந்த உண்மையான பசி இருக்கிறதே, அது லேசில் வராது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பும் வரைக்கும் வராது. ஞானாம்பிகை முருங்கையிலையை ஆய்ந்து வைத்துக்கொண்டு, மோரைக் கடைந்து வைத்துக்கொண்டு, அடுப்பை அணைய விடாமல் ஊதிக்கொண்டிருப்பாள்.

“இஞ்சருங்கோ, பசிக்கேல்லையோ இன்னும்?”

“பொறுமன். பசி தானா வரவேணும்.”

அவருக்கு வர வேண்டிய பசி அவளுக்குக் காலையிலேயே வந்து, காத்திருந்து, களைத்துப் போய்விட்டிருக்கும். புருசன் சாப்பிடாமல் அவள் வாயில் ஒன்றும் வைக்க மாட்டாள். தாய் அப்படி, தாயின் தாய் அப்படி. அவர் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தால் அவளுக்கும் பட்டினி. இதை அவர் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. ஒரே கூரைக்குள் வருசக்கணக்காக இருந்த மனிதருக்கு இது கண்ணில் படவில்லையே, என்ன சொல்ல!

அவளுக்கு வயிற்றில் எரிவு தொடங்கியது. அடுப்படியில் முழங்காலை மடக்கி வயிற்றோடு அழுத்திக்கொண்டு இருப்பாள். ஒரு நாள் அதைக் கண்டுவிட்டார் கிளாக்கர். அவருக்கா மருந்து தெரியாது?

“வயித்துக்கு ஓய்வு குடுக்கவேணும். ரெண்டு நாள் வெறும் சீரகத் தண்ணியோட இருந்து பாரும். எனக்குச் சுகம் வந்ததும் அப்பிடித்தானே?”

அன்போடுதான் சொன்னார். பக்கத்தில் பாய் விரித்து, தானே முதுகைப் பிடித்துக் குனிய வைத்தார். வலியில் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. அவர் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்து எவ்வளவு காலம்! அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

வாசல் கூட்ட வரும் வெள்ளையம்மாதான் கடைசியில் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சாப்புடாம அம்மா பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டாங்க. அவங்களுக்குப் பட்டினிதாங்க நோவு. அதுக்கு மேலயும் பட்டினி போடுறீங்களே!”

கிளாக்கர் அடுப்படிக்கு ஓடினார். “மெய்யோ?” என்று கேட்டார்.

“அதுக்கென்ன இப்ப,” என்று ஞானாம்பிகை வெட்கப்பட்டுச் சிரித்தாள். பெரிய குற்றத்தில் பிடிபட்டவள் போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடிய அவர் பாயை விரிக்கவில்லை. பசி இல்லாத வயிற்றுக்குள் பிட்டை அள்ளி அள்ளிப் போட்டார். “நான் சாப்பிட்டு முடிஞ்சுது. இனி நீர் சாப்பிடும்,” என்று எதிரில் குந்திக்கொண்டார். அவளும் ஆசையோடு உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாளுக்கு நாள் அவர் விடியலிலேயே தின்று பார்த்தார், வயிறு பழையபடி புளிக்கும் வரைக்கும் தின்று பார்த்தார். அவளால் முடியவில்லை. ஒரு காலை அடுப்படியில் இரத்தமாகச் சத்தி எடுத்தாள்.

வாடகைக் கார் பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடற்புண் ஓட்டையாகிவிட்டது, இனி நம் கையில் இல்லை என்றார் டாக்டர். நாவை நனைக்க மட்டும் கரண்டியால் பால் கொடுக்கலாம் என்றார். செல்வரத்தினம் கட்டிலருகில் நின்று கரண்டியை நீட்டினார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“நீங்கள் சாப்பிட்டீங்களோ?”

முந்தின நாள் தொடக்கம் அவர் வாயில் ஒரு சோறு படவில்லை.

“ஓம், ஓம். வயிறு நிறையச் சாப்பிட்டன்,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். பால் இரண்டு கரண்டி உள்ளே போனது. இந்த ஒரு பொய் முன்னமே வாயில் வந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது. அன்று மத்தியானம் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்தார். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தது. தான் சாப்பிடப்போவதில்லை என்றுதான் நினைத்தார். வாசனை வந்ததும் வயிறு துள்ளியது. சாமியார் சொன்ன அந்த உண்மையான பசி அன்றைக்குத்தான் வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தலையில் அடித்து அழுதுகொண்டே சாப்பிட்டார்.